குறைந்தால் நல்லதா?

தனித்தமிழுக்காக வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய எங்கள் மறைமலை நகரில், சூரணப் பாக்கெட்டின் மேல் ‘ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி’ என்று அச்சடித்து விற்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. கூடவே வாட்ஸப்பில் ஒரு படம் வருகிறது. இடப்பக்கம் உயரமான கம்பம், வலப்பக்கம் அதில் பாதி உயரத்தில் இன்னொன்று, கீழே ‘டிஎன்எஃப்-ஆல்ஃபா’. “பாத்தீங்களா, சயின்ஸே ஒத்துக்கிச்சு!”

எனக்குச் சித்த மருத்துவத்தோடு சண்டை இல்லை. இந்தப் படத்தோடுதான் சண்டை. இன்னும் சரியாகச் சொன்னால், இதைப் பரப்புகிறவர்கள் இதைப் பாதிதான் நம்புகிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அந்தக் கம்பம் எப்படி எழுகிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு சுண்டெலிக்குப் பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த நச்சை ஊசியாகப் போடுகிறார்கள். அதன் உடம்பு அலறுகிறது. அந்த அலறலைச் செல்லுக்குச் செல் கொண்டுபோகும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். பிறகு ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊற்றுகிறார்கள். குழியின் அடியில் ஒட்டவைத்த ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் இரண்டாவது ஆன்டிபாடி உட்காரும். அதோடு சேர்ந்த நொதி நிறத்தை உண்டாக்கும். அமிலம் விட்டால் நீலம் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று கருவி படிக்கிறது. அளவு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு அதைப் பிகோகிராமாக மாற்றுகிறார்கள். 1971-இல் ஸ்வீடனில் எங்வாலும் பெர்ல்மனும் விவரித்த இந்த முறையின் பெயர் எலிசா. பெயரிலேயே எலி இருப்பது தமிழில் கிடைக்கும் வேடிக்கை.

ஆனால் தமிழின் ‘எலி’ ஒரு விஷயத்தை மறைக்கவும் செய்கிறது. சுண்டெலிக்கான கிட் வேறு, ஆய்வக வெள்ளை எலிக்கான கிட் வேறு, மனிதனுக்கான கிட் வேறு. ஆன்டிபாடிக்கே இனம் பார்க்கத் தெரிகிறது. நமக்குத்தான் தெரிவதில்லை.

அடுத்தது நேரம். நச்சு ஏறிய ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் டிஎன்எஃப் உச்சத்துக்குப் போய்ச் சரியத் தொடங்கிவிடும். ஐஎல்-6 அதற்குப் பின்னால்தான் உச்சம் தொடும். எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று சொல்லாமல் ‘குறைந்தது’ என்பது, எந்த ஓவர் என்று சொல்லாமல் ஸ்கோர் சொல்வது மாதிரி. முழுச் சுண்டெலியிலும் ரத்தம் இரண்டு மில்லிக்குள்தான் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் கணக்குப் பார்த்துத்தான் ஊற்ற முடியும். அந்தக் கணக்கெல்லாம் வாட்ஸப் படத்தில் இல்லை.

சரி, எண் சரியானதே என்று வைத்துக்கொள்வோம். 1985-இல் பாய்ட்லரும் கூட்டாளிகளும் டிஎன்எஃப்பைத் தடுத்து, நச்சு ஏற்றிய சுண்டெலிகளைச் சாவிலிருந்து காப்பாற்றினார்கள். அதே யோசனையை ரத்தத்தில் கிருமி பரவிச் சாகக் கிடந்த மனிதர்களிடம் முயன்றபோது எதிர்பார்த்தது நடக்கவில்லை. 1996-இல் வெளியான ஒரு சோதனையில் அதிக டோஸ் வாங்கியவர்களிடம் சாவு கூடியது. ஆனால் அதே டிஎன்எஃப் தடுப்பு, முடக்குவாதத்துக்குப் பெரிய மருந்தானது. ஆக, சுண்டெலி பொய் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கு அது பதில் சொன்னது என்பதை மனிதர்களிடம் சோதித்த பிறகுதான் தெரிந்துகொள்ள முடிந்தது.

இப்போது நம்மூருக்கு வருவோம். மறைமலை நகரில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த சானடோரியம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். காசநோய்க் கிருமியை நுரையீரலுக்குள் சிறைவைக்க உடம்பு கட்டும் சுவருக்கு டிஎன்எஃப் வேண்டும். அது இல்லாத சுண்டெலிகள் காசநோயில் சீக்கிரம் செத்துப்போகின்றன என்று 1995-இல் காட்டினார்கள். 2001-இல், டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்த செய்தி மருத்துவ இதழில் வெளியானது. இன்று அந்த ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர்.

அதனால் படம் அனுப்பும் அண்ணன்மாரிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் சூரணம் டிஎன்எஃப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று உண்மையிலேயே நம்பினால், பாக்கெட்டில் ‘காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடவும்’ என்று ஏன் அச்சடிக்கவில்லை?

“அட, அது சுண்டெலில பாத்தது சார், மனுஷனுக்கு அப்படியெல்லாம் ஆகாது.”

நல்லது. அப்படியென்றால் மூட்டுவலிக்கும் அதே பதில்தான். நன்மைக்கு மட்டும் சுண்டெலி மனிதனாகி, ஆபத்து என்றதும் மறுபடி சுண்டெலியாகிவிட முடியாது. ‘சைட் எஃபெக்ட் கிடையாது’ என்ற வாக்கியமும் ‘டிஎன்எஃப் குறையும்’ என்ற வாக்கியமும் ஒரே பாக்கெட்டில் இருக்கக் கூடாது. ஒன்றை நம்பினால் மற்றதை அழிக்க வேண்டும்.

மறுபக்கம் நின்று சிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எல்லாம் எலி ஆராய்ச்சிதானே’ என்று தள்ளுவதும் சோம்பேறித்தனம். முடக்குவாதத்துக்கு ஊசி கண்டுபிடித்த பாதையும் சுண்டெலி வழியாகத்தான் போனது. சூரணத்தில் ஏதாவது இருக்கலாம். இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அங்கே அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் மருத்துவமனையே இருக்கிறது. கேள்வியை மனிதர்களிடம் முறையாகக் கேட்க வழி இல்லாத ஊர் இல்லை இது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த விலங்கு, எத்தனை, எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தது என்பதை ஒவ்வொரு கம்பத்தின் கீழும் எழுதுங்கள். தட்டின் 96 எண்களையும் அப்படியே வெளியிடுங்கள். எக்ஸெல்லில் ஒரு பக்கம்கூட வராது. அதை வெளியிடத் தயங்குகிறவர் அந்தக் கம்பத்தை என் அம்மாவின் போனுக்கு அனுப்பத் தயங்குவதில்லை. அவர் முழங்கால் வலிக்காக வாங்குகிற மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசிப்பது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.