பாட்டி எந்த வரிசையில்?

கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன், நாலு வயதுப் பெண், கூடவே மாமியார் - ஆக ஐந்து பேர், சென்னையிலிருந்து துபாய் வழியாக நியூயார்க்குக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் விமானம் மாறிய பிறகு மட்டும் சுமார் 14 மணி நேரம் ஆகாயத்திலேயே இருந்தாக வேண்டும். 'இத்தனை பணம் கொடுத்திருக்கிறோமே, பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்களா என்ன?' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். போர்டிங் பாஸ் கைக்கு வந்த பிறகுதான் பகீரென்கிறது. ஆளுக்கொரு மூலை!

மலிவான டிக்கெட்டுகள் பலவற்றில், 'விமானத்தில் ஓர் இடம் உண்டு' என்பதுதான் பேச்சு. எந்த இடம் என்பதற்குத் தனிக் கட்டணம். பணம் கட்டியவர்கள் பொறுக்கியது போக மிஞ்சியதைக் கம்ப்யூட்டர் பங்கு போடுகிறது. அதற்கு மாமியார், மருமகள் என்ற உறவெல்லாம் தெரியுமா? (சில வீடுகளில், பிரித்து வைத்ததே புண்ணியம் என்பார்களோ, என்னவோ!)

குழந்தைகள் விஷயத்தில் நம் நாட்டில் ஓர் உத்தரவு இருக்கிறது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆர். எண்ணில் பிரயாணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று, 2024 ஏப்ரலில் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டரேட் விமானக் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பிரிட்டனின் சிவில் விமான அதிகார சபையும், குழந்தைகள் பெரியவர்களோடு ஒரே வரிசையில் இருப்பதே நல்லது, முடியாவிட்டால் ஒரு வரிசைக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. இது வெறும் தாட்சண்யம் அல்ல. அவசரத்தில் எல்லோரும் வாசலை நோக்கி ஓடும்போது, பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில் ஓடாத தாய் உண்டா? பிராணவாயு முகமூடி தொங்கினால், பெரியவர் தமக்கு முதலில் மாட்டிக்கொண்டு, பிறகு குழந்தைக்கு மாட்ட வேண்டும். பத்து வரிசை தள்ளி இருந்தால் யார் மாட்டுவது?

'அதே பி.என்.ஆர்.' என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா, சகோதரிகளே? கணவருக்கு ஆபீஸில் டிக்கெட், மற்றவர்களுக்கு வீட்டில் டிக்கெட் என்று வாங்கினால், கம்பெனிக்கு நீங்கள் இரண்டு குடும்பம். ஐந்து பேருக்கும் ஒன்றாகவே வாங்குங்கள். வெளிநாட்டுக் கம்பெனி என்றால், அவர்களுடைய குழந்தை விதி என்ன என்று பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

ஆனால் எந்த உத்தரவும் பாட்டியைப் பற்றிப் பேசவில்லை. என் கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான். நாலு வயதுக் குழந்தை அழுதால் விமானமே திரும்பிப் பார்க்கும். எழுபது வயது மாமியார் அழமாட்டார். இங்கிலீஷ் வராது, தண்ணீர் கேட்கக் கூச்சம், சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம், சர்க்கரை மாத்திரை மகனின் பையில். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பி வழி கேட்க மனமில்லாமல், பாத்ரூமுக்குக்கூடப் போகாமல் 14 மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கால் வீங்கிவிடும்.

ஆகையால், எல்லோருக்கும் இடம் வாங்கக் கட்டுப்படியாகாதென்றால், பாட்டிக்கும் அவர் மகனுக்கும் அடுத்தடுத்து வாங்குங்கள், பாட்டிக்கு நடைபாதையோரம். குழந்தைகளைத் தாயோடு வைக்கும் விதி அந்தக் கம்பெனியில் உண்டென்று நிச்சயப்படுத்திக்கொண்டே இதைச் செய்யவேண்டும். கணவன் மனைவி ஓரிரவு தனித்தனியே உட்கார்ந்தால் ஒன்றும் முழுகிப்போகாது!

போயிங் 777, ஏர்பஸ் ஏ380 போன்ற பெரிய விமானங்கள் பலவற்றில் வரிசைக்கு 3-4-3 என்று பத்து ஆசனங்கள். நடுவிலுள்ள நாலும், நடைபாதைக்கு அந்தப் பக்கத்து முதல் ஆசனமும் கிடைத்தால் ஐந்து பேரும் ஒரே வரிசை. 3-3-3 விமானமானால் மூன்று முன்னால், இரண்டு நேர் பின்னால். கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டும் முன் வரிசையில் கைப்பிடிகள் உயராது, பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள். அவசர வாசல் வரிசையில் குழந்தைகளுக்கு இடமே இல்லை.

இடம் வாங்கியாயிற்று என்று அசந்துவிடாதீர்கள். விமானம் மாறினால் இடமும் மாறும், அடிக்கடி பாருங்கள். துபாய்க்கு அப்பால் வேறு கம்பெனி விமானம் என்றால் அவர்களிடமும் தனியாகக் கேட்கவேண்டும். பணம் கட்டாதவர்கள், 'செக்-இன்' திறக்கும் நேரத்தில் (சிலரிடம் 48 மணி, சிலரிடம் 24 மணி முன்பு) அடுப்பில் பாலை வைத்தவள்போல் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படியும் பிரிந்துவிட்டால் கவுண்டரில் சொல்லுங்கள்; பிறகு கேட்டில்; கடைசியாக விமானப் பணிப்பெண்ணிடம். பிறர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, 'கொஞ்சம் மாறிக்கொள்ளுங்களேன்' என்பது அழகல்ல. அவர் அந்த ஜன்னலுக்குப் பணம் கட்டியிருக்கலாம். நடு ஆசனத்தை நீட்டி ஓர ஆசனத்தைக் கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்? ஓரத்துக்கு ஓரம் என்று கேளுங்கள். மாட்டேனென்றால் முகத்தைத் தூக்காதீர்கள்.

அப்போது மகனை எழுப்பி, பாட்டியின் மாத்திரை, கம்பளி, மூக்குக் கண்ணாடி மூன்றையும் பாட்டியின் பையிலேயே போடச் சொல்லுங்கள். ஒரு துண்டுச் சீட்டில், மகன் உட்காரும் வரிசையும் எழுத்தும், 'தயவுசெய்து அவரைக் கூப்பிடுங்கள்' என்ற வரியும் இங்கிலீஷில் எழுதி, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.