அபூ உமைரின் குருவி

வளர்த்த கோழிக்குஞ்சோ பூனைக்குட்டியோ இறந்துபோய், பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கும்போது நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இதுக்கெல்லாமா அழுவாங்க? வேற வாங்கித் தர்றேன்." பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. ஆறுதல் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மதுரையில் காஜிமார் தெருவானாலும் கோரிப்பாளையமானாலும், மேலூர்ப் பக்கத்துக் கிராமமானாலும் இந்தப் பதிலில் மாற்றமில்லை. இது அன்பின்மையால் வரும் சொல் அன்று, அவசரத்தால் வருவது. ஆயினும் நம் மார்க்கம் காட்டித் தந்த முறை இதுவன்று.

மதீனாவில் உம்மு சுலைம் (ரலி) அவர்களின் வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் செல்வது வழக்கம். அவ்வீட்டில் பால்குடி மறந்த ஒரு சிறுவன் இருந்தான். அனஸ் (ரலி) அவர்களுக்குத் தாய்வழித் தம்பி. அச்சிறுவனை 'அபூ உமைர்', அதாவது உமைரின் தந்தை என்று பெரியவர்களை அழைப்பதுபோல் அழைத்து நபியவர்கள் விளையாடுவார்கள். அவன் ஒரு சிறு குருவி வளர்த்தான். ஒருநாள் குருவி இறந்துவிட்டது. பிள்ளை வாடியிருப்பதைக் கண்ட நபியவர்கள் அவனிடமே, அவனுடைய பட்டப்பெயரைச் சொல்லி, குருவிக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (மறைவு ஹிஜ்ரி 335) இந்த ஒரு சிறு செய்தியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்.

நாம் எடுத்துக்கொள்ள ஒன்று போதும். வேறு குருவி வாங்கித் தருவதாக நபியவர்கள் சொல்லவில்லை. இறந்துபோன அந்தக் குருவியைப் பற்றியே கேட்டார்கள். ஓர் ஆட்சியின் தலைவர், படைகளை அனுப்புகிறவர், தூதுக்குழுக்களை வரவேற்கிறவர், ஒரு பிள்ளையின் முன் அமர்ந்து ஒரு பறவையின் சாவை விசாரித்தார்கள். பிள்ளையின் துக்கம் அளவில் சிறிது என்று நாம் முடிவு கட்டுவது நம்முடைய அளவுகோலால்தான். அதன் உலகில் அந்தக் குஞ்சு எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்பது அதற்கு மட்டுமே தெரியும்.

இந்தச் சிறுவனின் கதை இத்துடன் முடியவில்லை. நம் பயான்களில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. கணவர் அபூதல்ஹா (ரலி) வெளியே சென்றிருந்த வேளையில் நோயுற்றிருந்த மகன் இறந்துபோக, தாய் அவனைக் குளிப்பாட்டி, துணி போர்த்தி ஒருபுறம் கிடத்திவிட்டு, களைத்து வந்த கணவருக்கு உணவளித்தார். பையன் முன்பைவிட அமைதியாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். இரவு கழிந்த பின்னரே, இரவல் கொடுத்தவர் தம் பொருளைத் திரும்பக் கேட்டால் மறுக்கலாமா என்று வினவி, செய்தியை உடைத்தார். அந்தத் தாய் உம்மு சுலைம் (ரலி). இறந்த பிள்ளை, குருவிக்காக வாடிய அதே அபூ உமைர் என்று இப்னு ஹஜர் (ரஹ்) முதலிய ஹதீஸ் அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். குருவியைப் பறிகொடுத்த பிள்ளையைப் பின்னொரு நாளில் தாய் பறிகொடுத்தார்.

குறை சொல்ல நமக்கு ஓர் உரிமை உண்டென்றால் இங்கேதான். இச்சம்பவத்தை மேடையில் சொல்லும் பலரும், பிள்ளையை இழந்த பெண்களை அழவிடாமல் தடுப்பதற்கே இதைப் பயன்படுத்துகிறார்கள். "உம்மு சுலைமைப் பாருங்கள், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்களா?" என்பது அவர்கள் வாதம். அந்த அம்மையார் ஒருபோதும் அழவில்லை என்று ஹதீஸில் எங்கே இருக்கிறது? களைத்து வந்த கணவருக்கு ஓர் இரவு துன்பம் தெரியாமல் காத்த பெருந்தன்மைதான் அதில் இருக்கிறது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, இரண்டு வயதும் நிறையாத மகன் இப்ராஹீம் மரணத் தறுவாயில் கிடந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் வெளிப்படையாகவே நீர் சொரிந்தன. தாங்களுமா என்று வியந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம், இது இரக்கம் என்று விளக்கினார்கள். கன்னத்தில் அறைந்துகொள்வதும் ஆடையைக் கிழித்துக்கொள்வதும் ஒப்பாரி வைப்பதும்தான் விலக்கப்பட்டவை. உம்மு சுலைமின் கதையைச் சொல்லும் ஆலிம்கள் இப்ராஹீமின் கதையையும் சேர்த்தே சொல்லட்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது ஒரு தாயின் நெஞ்சில் கல்லை ஏற்றிவைப்பதாகும்.

ஸபர் என்ற சொல்லை நாம் கையாளும் விதத்தில் பிறரை அடக்கும் தொனி ஒன்று புகுந்துவிட்டது. அழுகிறவரைப் பார்க்க நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால் ஸபர் செய்யச் சொல்கிறோம். பொறுமை வேண்டியிருப்பது பல நேரங்களில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நமக்குத்தான்.

மேலூர்ப் பக்கம் நம் உறவில் ஒரு பெரியம்மா இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய ஒன்பது வயது மகன் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான். அவன் வளர்த்த பெட்டை வெள்ளாட்டுக்குட்டி ஒன்றுக்குக் கால் நான்கும் செம்பழுப்பு நிறம். அதனால் மருதாணி என்று பெயர் வைத்திருந்தான். பார்க்கப் பார்க்க நினைவு வரும், விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியம்மா விற்கவில்லை. நினைவு வரவேண்டும் என்பதற்காகத்தானே வைத்திருக்கிறேன் என்றார்கள். இன்று கொல்லையில் நிற்பவை அதன் வழிவந்தவை. எந்தக் குட்டி எந்த ஆட்டின் பேத்தி என்று வரிசையாகச் சொல்வார்கள். பக்ரீதுக்கு அந்த வழியில் வந்த கிடாய் ஒன்றை அறுத்து, மகனோடு பள்ளிக்கூடத்தில் படித்த பையன்களின் வீடுகளுக்கும் ஒரு பங்கு அனுப்புகிறார்கள். பையன்கள் என்கிறோம், அவர்களுக்கெல்லாம் இப்போது நாற்பது வயது.

இதைப் பித்அத் என்று ஒருவர் அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும், நபி (ஸல்) அவர்கள் ஆட்டை அறுத்துக் கதீஜாவின் தோழியரைத் தேடி இறைச்சி அனுப்புவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். அதைக் கண்டு ஆயிஷா (ரலி) அவர்களுக்கே ரோஷம் வந்தது என்பது அவர்களே அறிவித்த செய்தி. இறந்தவரை நினைத்து, அவர் நேசித்தவர்களுக்கு நன்மை செய்வது பித்அத் என்றால், சுன்னத் என்று எதைச் சொல்வோம்?

பக்ரீதின் ஆட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். பெருநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்தோ கிராமத்து உறவினர் மூலமாகவோ ஆடு வந்துவிடும். சந்துகளில் வாசல் கம்பிகளில் கட்டிக் கிடக்கும். அகத்திக்கீரை, புளியந்தழை, வேப்பங்குழை என்று தழை கொண்டுவந்து போடுவது பிள்ளைகளின் வேலை. மூன்றாம் நாளே பெயர் வைத்துவிடுவார்கள். பெருநாள் காலையில் அழுகை. அப்போது வீட்டுப் பெரியவர்கள் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறார்கள். ஆடு ஊருக்குப் போய்விட்டது என்று பொய் சொல்கிறார்கள். அல்லது, ஆம்பளைப் பிள்ளை அழலாமா என்று இழுத்துக்கொண்டுபோய் அறுப்பதன் முன் நிறுத்துகிறார்கள்.

இரண்டும் வேண்டா. மகனை அருகே அழைப்பதற்காக, ஒன்று தருகிறேன் வா என்று கூப்பிட்ட ஒரு தாயிடம், என்ன தரப்போகிறீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் தராதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். சிறு பிள்ளையிடம் சொல்லும் சிறு பொய்க்கும் கணக்குண்டு. மேலும், ஓர் ஆட்டைக் கிடத்தி, அது பார்த்துக்கொண்டிருக்கக் கத்தியைத் தீட்டிய மனிதரை, அதை இருமுறை சாகடிக்கப் பார்க்கிறீரா என்று கடிந்தார்கள். அறுபடும் பிராணியின் கண்ணுக்கே அவ்வளவு மதிப்பு என்றால், அதற்குத் தழை ஊட்டிய பிள்ளையின் கண்ணுக்கு எவ்வளவு? பார்க்க விரும்பும் பிள்ளை பார்க்கட்டும். விரும்பாத பிள்ளையை நன்னி வீட்டில் விட்டுவிட்டு வருவதில் மார்க்கத்துக்குக் குறைவொன்றும் வந்துவிடாது. ஆனால் உண்மையை முந்திய நாளே சொல்லிவிட வேண்டும். இப்ராஹீம் (அலை) அவர்களிடம் கேட்கப்பட்டது அவர் நேசித்ததுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். கூட்டுக் குர்பானிக்குப் பங்குத் தொகையைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு, பிராணியின் முகத்தையே காணாமல் இறைச்சிப் பையை வாங்கிக்கொள்ளும் நம்மைவிட, ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளை குர்பானியின் பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. (கூட்டுக் குர்பானி கூடாது என்று சொல்ல வரவில்லை. வசதியில்லாத வீடுகளுக்கு அது பெரும் உதவி.)

பிள்ளைகளுக்கு முதல் சாவைக் காட்டுவது பல வீடுகளில் ஆடன்று, சாயக் கோழிக்குஞ்சு. பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் தோய்த்த குஞ்சுகளைக் கூடையில் வைத்துத் தெருவில் விற்கிறார்கள். இவை பெரும்பாலும் முட்டைக்கோழிக் குஞ்சுபொரிப்பகங்களில் வேண்டாமென்று ஒதுக்கப்படும் சேவற்குஞ்சுகள். முட்டையிடா, இறைச்சிக்கும் விரைவில் பருக்கா. அதனால்தான் அவ்வளவு மலிவு. முதல் வாரத்தில் ஒரு குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி வெப்பம் வேண்டும். தாய்க்கோழி இருந்தால் சிறகுக்குள் வைத்து அதைக் கொடுத்துவிடும். தாயைக் கண்டறியாத இந்தக் குஞ்சை நாம் அட்டைப்பெட்டியில் வைத்து, மின்விசிறியின் கீழ் விட்டு, சோற்றுப்பருக்கை போடுகிறோம். மூன்றாம் நாள் அது தலை தொங்குகிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்ட ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். இது அந்த அளவு என்று சொல்லவில்லை. ஆனால் வளர்க்கத் தெரியாத உயிரை விளையாட்டுப் பொருளாக வாங்கித் தருவது பிள்ளைக்கு அன்பைக் கற்பிப்பதாகாது. வாங்கினால் ஒரு மஞ்சள் பல்பையாவது எரியவிடுங்கள். இல்லையேல், கிராமத்து உறவினர் வீட்டில் பஞ்சாரத்துக்குள் தாயோடு திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் காட்ட விடுமுறையில் அழைத்துச் செல்லுங்கள்.

பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. அதைக் கண்ட நபியவர்கள், பிள்ளைகளை எடுத்து இதைத் தவிக்கவிட்டது யார், திருப்பிக் கொடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். நம் ஊர்களில் கன்று இறந்த பசுவின் முன்னால், கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து நிறுத்திப் பால் கறக்கும் வழக்கம் இருந்தது. பசு அந்தத் தோலை நக்கிக்கொண்டே நிற்கும். அதைக் கண்டவர்கள் பிராணிக்கு என்ன தெரியும் என்று பேச மாட்டார்கள்.

இறந்த பூனைக்குட்டியைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டா. ஜனாஸா தொழுகை பிராணிகளுக்கு இல்லை, ஆனால் அடக்குவதற்குத் தடையும் இல்லை. சந்து வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் தோண்ட மண் இல்லைதான். ஊருக்கு வெளியே மனையோ தோட்டமோ வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவராவது நமக்கு இருப்பார். ஒரு பழந்துணியில் சுற்றி எடுத்துச் செல்லலாம். நாய் கிளறாதபடி நன்கு ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டும்போது பிள்ளையும் ஒரு கை மண் அள்ளட்டும். பூனை எங்கே போகும் என்று கேட்டால், பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும், அவையும் தம் இறைவனிடம் ஒன்றுசேர்க்கப்படும் என்றும் அல்குர்ஆன் அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் அறிவிப்பதைச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில், அது எப்படியெல்லாம் விளையாடும் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.