வௌவாலுக்குச் சட்டம் இருக்கு, ரிக்சியாவுக்கு?

மேகமலையில் 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரணக் குட்டைமூக்கு வௌவால் என்ற சீட்டோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் 24 வருஷம் கிடந்தது. 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது இனம் மட்டுமல்ல, பேரினமே புதுசு என்றார். சலீம் அலி பெயரை அதற்கு வைத்தார். அதே வருஷம் வந்த வனஉயிரினச் சட்டமோ பழந்தின்னி வௌவால்களை எலி, காக்காயோடு சேர்த்துத் தொல்லைப் பிராணி என்று எழுதியது! பிற்பாடு சலீம் அலி வௌவாலை மட்டும் முதல் அட்டவணைக்கு ஏற்றினார்கள். 2022 திருத்தத்தில் தொல்லைப் பிராணி அட்டவணையே போய்விட்டது. மேகமலையும் இப்போது புலிகள் காப்பகம். நல்ல விஷயம்தான்.

வயக்காட்டுக்காரனுக்கு இதிலே என்ன என்பீர்கள். சம்பா அறுத்தபின் தை, மாசியில் குனிந்து பாருங்கள். தாளுக்கு நடுவே, உளுந்து முளைக்கிற ஈர மண்ணில், காசு அகலத்துக்குப் பச்சையாக ஒட்டிக்கிடக்கும். பாசி என்று மிதித்துப் போகிறோம். புத்தகத்தில் அதன் பெயர் ரிக்சியா, ஈரல் செடி வகை. வேர் கிடையாது, உடம்பு முழுக்கத் தண்ணீர் குடிக்கும். மேலே எது விழுந்தாலும் உள்ளே போகும், களைக்கொல்லி உட்பட. ஈரம் இருக்கிற சில வாரத்துக்குள் வித்துத் தூளை மண்ணில் விட்டுவிட்டு மடியும்.

உலகத்தில் ரிக்சியா நூறு இனத்துக்கு மேல். நம் வயலில் இருப்பது எது, அரியதா சாதாரணமா? யாராவது எடுத்துப் பார்த்தால்தானே தெரியும். சுவிட்சர்லாந்தில் கோதுமை அறுத்த தாளில் இதே வகைச் செடிகள் இருந்தன. அறுத்த கையோடு உழுகிற பழக்கம் வந்தது, அவை அருகிப்போயின. இங்கேயும் அறுவடை இயந்திரம் போன மறுவாரமே ரோட்டவேட்டர் இறங்குகிறதே.

இதனால் உளுந்து மகசூல் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். கடன் மனுவில் வருமானக் கட்டத்தில் எழுத இதற்கு ஒன்றும் கிடையாது. சட்டத்தில் 1991-ல் செடிகளுக்கென்று சேர்த்த அட்டவணையிலும் அப்போது ஆறே பெயர்தான் இருந்தன, ஈரல் செடி ஒன்றும் இருக்கவில்லை. வௌவாலுக்கு வனத்துறை காவல். இது இருப்பது பட்டா நிலத்தில், எந்த ரேஞ்சரும் வரப்போவதில்லை.

நம் இயக்கத்தில் இருப்பவர்களாவது வரப்போரம் நாலடி அகலத்தை மாசி முடியும்வரை உழாமல், மருந்தடிக்காமல் விடலாம். பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டலாம். வருகிற தையிலேயே தொடங்கலாம், செலவு ஒரு பஸ் டிக்கெட்.