குடை விரியவே இல்லை... குதிரைக்கு ஏன் படபடத்தது?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இது தெரியும். யாராவது ஒருவர் தண்ணீரின் வேகத்தைப் பார்த்து மிரண்டு சட்டென எழுந்தால் போதும், பரிசலே ஆடிவிடும். ‘அசையாம உட்காருங்க’ என்று சத்தம் போடுவார் பரிசல் ஓட்டி. பரிசலுக்காவது மனசு கிடையாது. பயந்தவர் உட்கார்ந்திருப்பது குதிரை மேல் என்றால்?

2009-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் லிண்டா கீலிங் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலர் குதிரையைப் பிடித்து நடத்தினார்கள், சிலர் ஏறி ஓட்டினார்கள். மொத்தம் நான்கு நடை. நான்காவது முறைக்கு முன்னால் மட்டும், ‘நீங்கள் கடக்கும்போது குடையை விரிப்போம்’ என்று மனிதர்களிடம் சொன்னார்கள். ஆனால், குடையை விரிக்கவே இல்லை. குதிரை மிரளுமோ என்ற நினைப்பிலேயே மனிதர்களின் இதயத் துடிப்பு எகிறியது. குடையைப் பற்றி எதுவுமே தெரியாத குதிரைகளுக்கும் எகிறியது!

புலி, சிங்கத்துக்கு இரையாகாமல் ஓடிப் பிழைத்த இனம் அது. கூட இருப்பவர் பதறினால், ஏதோ ஆபத்து என்றுதான் அதற்குத் தோன்றும். பயந்த ஆள் தொடையை இறுக்குவார், கடிவாளத்தை இழுப்பார், மூச்சைப் பிடித்துக்கொள்வார். எல்லாமே முதுகு வழியாகக் குதிரைக்குப் போய்ச் சேரும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இதை உலகமே பார்த்தது. 2021 ஆகஸ்ட் 6, பெண்கள் மாடர்ன் பென்டத்லான். ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தார். இந்தப் போட்டியில் அப்போது குலுக்கலில் கிடைக்கும் குதிரையில்தான் ஓட்ட வேண்டியிருந்தது. பழகிக்கொள்ள 20 நிமிடம்தான் கிடைத்தது. அவருக்கு வந்த ‘செயின்ட் பாய்’ அன்று ஏற்கெனவே இன்னொரு வீராங்கனையிடமும் தாண்ட மறுத்திருந்தது. அன்னிகா அழுதார், சாட்டையால் அடித்தார். வேலியோரம் நின்ற பயிற்சியாளரும் அடிக்கச் சொல்லிக் கத்தினார். குதிரை இன்னும் மிரண்டதுதான் மிச்சம். தங்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் 31-வது இடத்துக்குப் போனார். தப்பு அவருடையது மட்டுமல்ல, அந்த விதியே கொடுமை. பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு இந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள்.

நேர்மாறான காட்சி 2023 செப்டம்பர் 26, ஹாங்சோ ஆசிய விளையாட்டில். அனுஷ் அகர்வல்லா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரும் டிரஸ்ஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 வருடம் கழித்து வந்த தங்கம். வீட்டைவிட்டு ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள், பழகிய குதிரைகளோடு களம் இறங்கியவர்கள். டிரஸ்ஸாஜில் தடை தாண்டுவது இல்லை. குதிரை எவ்வளவு தளர்வாக, சொன்னதைக் கேட்டு நடக்கிறது என்பதற்கே மார்க். பதற்றத்தை அங்கே ஒளித்துவைக்க முடியாது.

பிள்ளைகளை ரைடிங் கிளப்பில் சேர்த்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஏறும் முன் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழக்கலாம். ஓட்டும்போது ஒரு பாட்டை முணுமுணுக்கச் சொல்லலாம். பாடுகிறவரால் மூச்சை அடக்கிவைக்க முடியாதே! தடை தாண்டும் வீரர்கள் போட்டிக்கு முன் பாதையை நடந்தே பார்த்து, எந்தத் தடைக்கு எத்தனை தாவல் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகளும் அதைச் செய்யலாம்.

வேலியோரம் நின்று ‘அடி, விடாதே’ என்று கத்தும் அப்பா, அம்மாக்கள் கொஞ்சம் தள்ளிப் போய் டீ குடிப்பது நல்லது. பிள்ளை விழுந்துவிட்டால் முதலில் தலையில் அடிபட்டதா என்று பாருங்கள். ‘உடனே ஏறினால்தான் பயம் போகும்’ என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அன்றைக்குக் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, கழுத்தைத் தடவிவிட்டு வந்தாலே போதும்.