சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் குழந்தைக்கு சிறுநீரகக் கல் வருமா?

குழந்தைக்குக் காய்ச்சல். ‘போன தடவை கொடுத்த ஆன்டிபயாடிக்கையே கொடுங்கண்ணே’ என்று மெடிக்கலில் கேட்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஜவ்வாது மலையில் அதற்குக் காரணமும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கி திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ போகணும்.

ஆனால், இந்த மருந்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் தொடர்பு இருக்கு. பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், சல்பா, செபலோஸ்போரின் உள்ளிட்ட 5 வகை ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. சிறு வயதில் எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஆக்சலேட்டைச் சிதைக்கும் குடல் பாக்டீரியாக்கள் அழிவது காரணமாக இருக்கலாம். செஃப்ட்ரியாக்சோன் ஊசி மருந்தோ கால்சியத்துடன் சேர்ந்து நேரடியாகவே கல்லாகப் படியக்கூடியது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

அதற்காக, டாக்டர் எழுதிய மருந்தைப் பயந்து பாதியில் நிறுத்தக் கூடாது. நிமோனியாவில் உயிர் காப்பதும் இதேதான். சாதாரண சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது.

செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்கிற ‘ஹெச்1’ விதி 2014 முதலே அமலில் இருக்கு. விதி மட்டும் மலை ஏறினால் போதாது, டாக்டரும் ஏறணும். டாக்டர் எட்டாத இடத்தில் மெடிக்கல் கடைதான் ஆஸ்பத்திரி. அங்கே அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை.