வெறுங்காலின் தடமும் போரின் நியாயமும்

போரிலே சூழ்ச்சி செய்தல் குற்றமன்று என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட நியாயம். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 24ஆம் உறுப்புரை அதனை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றது. அவ்வனுமதியின் சுமை யார் தலையில் விழுகின்றது என்பதை ஒரு சிறு பொருளைக் கொண்டு ஆராய்வோம்.

1940இல் பிரித்தானியா நிறுவிய விசேட நடவடிக்கை நிறைவேற்றகம் என்னும் இரகசிய அமைப்பு, இரண்டாம் உலகப் போரின்போது விந்தையானதொரு சப்பாத்தடியை உருவாக்கிற்று. வெறுங்காலின் குதியும் விரல்களும் பதியுமாறு இறப்பரால் செய்யப்பட்ட அதனைச் சப்பாத்தின் கீழே கட்டிக்கொள்ளலாம். யப்பானியர் வசமிருந்த தென்கிழக்காசியக் கரைகளில் இறங்குபவனைச் சப்பாத்துத் தடம் காட்டிக்கொடுத்துவிடும். வெறுங்காற்றடமோ உள்ளூர் மீனவனுடையதென்று எண்ணப்படும்.

இஃது எங்கோ நடந்த கதையன்று. மருதானையில் புகையிரதமேறி நம்மவர் நாள்தோறும் செல்லும் கண்டியிலேதான், போரின் இறுதிக் காலத்தில் அவ்வமைப்பின் தென்கிழக்காசியப் பிரிவாகிய 136ஆம் படையின் தலைமையகம் இருந்தது. 1943 மே மாதத்தில் அவ்வமைப்பின் ஆட்கள் இலங்கையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலிற் சென்று மலாயாவின் பேராக் கரையில் இறங்கினர். அந்நாட்டின் இறப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டியோர் நம் தமிழ்த் தொழிலாளர். அவர்களிற் பல்லாயிரவர் சயாம் புகையிரதப் பாதை வேலைக்கு யப்பானியரால் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். கேட்பாரற்ற அத்தகைய மக்களின் கால்களையே சூழ்ச்சி இரவல் வாங்கிற்று.

பொய்த்தடம் ஒருமுறை ஏமாற்றும். சூழ்ச்சி வெளிப்பட்டபின் காவற்படை ஒவ்வொரு வெறுங்காலையும் சந்தேகிக்கும். உளவாளி கப்பலேறித் தப்பலாம். விடியற்காலையில் வயலுக்குச் செல்லும் உழவன் எங்கே தப்புவான்?

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாம் மேலதிக நெறிமுறை, 37ஆம் உறுப்புரையிலே, குடிமகனாக நடித்து எதிரியைக் கொல்லுதல், காயப்படுத்துதல், சிறைப்பிடித்தல் ஆகியவற்றை வஞ்சகமென்று விலக்குகின்றது. மறைந்து கரையேறுவதற்கு மட்டும் பொய்த்தடம் பதிப்பதோ அனுமதிக்கப்பட்ட சூழ்ச்சியாகவே நின்றுவிடுகின்றது. யப்பானிய ஆதிக்கத்தை எதிர்த்தோர்மீது நாம் பழி கூறவில்லை. ஆயின் அவ்வுறுப்புரை எதிரிக்கு இழைக்கப்படும் வஞ்சத்தை அளக்கின்றதேயன்றி, எவனுடைய கோலம் இரவல் வாங்கப்படுகின்றதோ அவனுக்கு நேரும் கேட்டை அளக்கவில்லை. இக்குறை தீர்க்கப்படல் வேண்டும்.

நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, காலடிப் பதிவு பற்றிய நிபுணரின் அபிப்பிராயம் நீதிமன்றத்தின் முன் வரலாம். ஆயினும் அது வெறும் அபிப்பிராயமே, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது, தீர்ப்பளிப்பவர் நீதிபதியே. ஆயுதந் தாங்கிய காவலனின் முன்னே இக்காப்புகளில் ஒன்றேனும் உண்டா?

ஆதலின் நாம் கேட்பது இதுவே: போர்க்காலமாயினும் அவசரகாலமாயினும், தடத்தை மட்டும் கொண்டு எவனையும் குற்றவாளியாக்கலாகாது. பிடிக்கப்பட்டவன் தாமதமின்றி நீதிபதியின்முன் நிறுத்தப்படல் வேண்டும். படைகள் தத்தம் தந்திரங்களை வகுக்கும்போது, அவற்றின் விலையைச் செலுத்தப்போகும் குடிமக்களையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். சட்டமறிந்தோர் இதனை எடுத்துரைப்பாராக. உழைக்கும் மக்கள் இதனை உரிமையாகக் கேட்பாராக.