சாவா மூவாப் பேராடும் ஒரு மலை ரயிலும்

கும்பகோணத்தில் நாலைந்து நண்பர்கள் கூடினால் பேச்சு எப்படியும் ரயிலடிக்கு வந்து சேரும். அண்மையில் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான். தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ பற்றிப் பேசத் தொடங்கினோம். ரயில் பயணத்தில் நடக்கும் கதை. அங்கிருந்து கரி எஞ்சின், கண்ணில் விழும் கரித்தூள், மீட்டர் கேஜ் பெட்டியின் மரப்பலகை என்று ஆளுக்கொரு நினைவு கிளம்பியது. கடைசியில் ஒரு நண்பர் கேட்டார்: “வெளிநாடுகளில் பழைய நீராவி ரயிலைப் பாதுகாத்து ஓட்டுகிறார்கள். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே நாமும் ஒன்று ஓட்டினால் என்ன? கோயில் பார்க்க வருகிற கூட்டமே போதுமே.”

எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் முடியவில்லை. காரணத்தை அங்கே கோவையாகச் சொல்ல வாய்க்காததால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நம் பக்கத்து இருப்புப்பாதைக்கு உருமாற்றம் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் போடப்பட்டது அகலப்பாதை. 1870களில் அதைப் பெயர்த்து மீட்டர் கேஜாக்கினார்கள். நூறாண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் அகலப்பாதையாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் முடிவு செய்தது கணக்குப் புத்தகம்தான். அதில் தவறில்லை, நெல்லும் மனிதர்களும் விரைவாகவும் மலிவாகவும் போய்ச்சேர வேண்டும். ஆனால் நண்பர் விரும்பும் வண்டி சம்பாதிப்பதற்காக ஓடும் வண்டியன்று. ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே ஓடும் வண்டி. அப்படியொன்றை நடத்துவது எத்தகைய காரியம் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் வரை போனால் போதும்.

நீலகிரி மலை ரயில் இன்று தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் ஒரே மீட்டர் கேஜ் பாதை. 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் உதகமண்டலம் வரைக்கும் ஓடத் தொடங்கியது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறத்தாழப் பன்னிரண்டடிக்கு ஓரடி. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் பிடித்துப் பிடித்து எஞ்சின் ஏறுகிறது. எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டிகள் பின்னோக்கி உருளாதிருக்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நிற்கிறார். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின் பொறுப்பேற்கிறது என்றாலும், பற்சட்டப் பாதையில் இன்றும் நீராவிதான்.

இதையே வரவு செலவாக வாசித்துப் பாருங்கள். சமவெளியில் ஓர் எஞ்சினும் இரண்டு ஓட்டுநர்களும் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறார்கள். இங்கே நான்கைந்து பெட்டிகளுக்கு மேல் தள்ள முடியாது. உச்சி வரை ஏற ஐந்து மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகிறது. ஆட்கள் அதிகம், இருக்கைகள் குறைவு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் வருமானம் நின்றுவிடும், செலவு நிற்காது. 2009 நவம்பர் மழையில் பாதை சிதைந்து பல மாதங்கள் வண்டி ஓடவில்லை. எல்லா இருக்கையும் நிரம்பிய நாளிலும் இந்த வண்டிக்கு நட்டம் வரும் என்றால், கூட்டம் சேர்த்து அதை ஈடுகட்ட முடியாது. நண்பரின் “கூட்டமே போதும்” இங்கேதான் தடுக்கி விழுகிறது.

சரி, கட்டணத்தை உயர்த்தலாம். 2018இல் உயர்த்தினார்கள், பல மடங்கு. மலையில் வாழ்கிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் சிறு வருமானக்காரர்களும் முகம் சுளித்தார்கள். 2020 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓர் இருக்கைக்கு 3,000 ரூபாய் வசூலித்தபோது, மலை ரயிலையே விற்றுவிட்டார்களா என்று ஊரெல்லாம் கொதித்தது. வாடகைக்கு விட்டோமே தவிர விற்கவில்லை என்று ரயில்வே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கொதித்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, இது பொதுச்சொத்து. ஆனால் கட்டணமும் ஏறக்கூடாது, வண்டியும் நிற்கக்கூடாது என்றால் நடுவிலுள்ள பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று அன்று அதிகம் பேர் கேட்கவில்லை.

யுனெஸ்கோ இருக்கிறதே என்பார்கள். 2005இல் இந்த ரயில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று, பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறியதனால் அன்றாடம் எரிக்கிற கரிக்குப் பணம் வந்துவிடுவதில்லை. பட்டியல் கடமையைத்தான் கூட்டுகிறது.

இந்த இடத்தில் எனக்கு நம் ஊர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வருகின்றன. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கணக்குச் சொல்கின்றன. அவற்றை ஏற்கும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இத்தகைய ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். ஆனால் செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். நெய்யைத்தான் எடுக்கலாம், ஆட்டை விற்கக்கூடாது. இன்றைய கணக்காளர்கள் மூலதன நிதி, தேய்மானம், புதுப்பிப்பு என்று மூன்று தலைப்பில் எழுதுவதை அந்த இரண்டு சொற்கள் அடக்கிக்கொண்டிருக்கின்றன.

என் கருத்து இதுதான்: பாரம்பரிய ரயில் ஒரு நந்தா விளக்கு. நாம் விளக்கைப் பாராட்டுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம், ஆட்டை யாரும் கேட்பதில்லை. நீலகிரி ரயிலின் நட்டத்தை, பிற வழிகளில் ஈட்டும் பணத்திலிருந்து ரயில்வே ஆண்டுதோறும் ஈடுகட்டுகிறது. எந்த ஆண்டு எந்த அதிகாரிக்கு இது வீண்செலவாகப் படும் என்று சொல்ல முடியாது. மத்திய அரசும் மாநில அரசும் சுற்றுலாவால் பிழைக்கிற மலைநகரங்களும் சேர்ந்து, தொடமுடியாத ஒரு மூலநிதியை இதற்கென்று தனியே வைக்க வேண்டும். அதன் வட்டி எரிபொருளுக்கும் பழுதுக்கும் போகட்டும். கட்டணத்திலும் உள்ளூராருக்கு ஒன்று, வாடகைக்கு எடுப்பவருக்கு வேறொன்று என்று வெளிப்படையாக இருக்கட்டும்.

ஆனால் மந்தை என்பது பணம் மட்டுமன்று. 1951இல் வேல்ஸில் டலிலின் ரயிலைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தினார்கள், உலகிலேயே முதல்முறை. அவர்களைத் திரட்டிய எல். டி. சி. ரோல்ட் ஓர் எழுத்தாளர் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதலான செய்தி. அங்கே பயணச்சீட்டோடு சந்தாவும் நன்கொடையும் சம்பளம் வாங்காத கைகளும் சேர்ந்து வண்டியை ஓட்டுகின்றன. அந்தக் கைகளுக்கும் வயதாகிறது என்பதே பிரிட்டனின் இத்தகைய ரயில்களில் இன்று கேட்கும் கவலை. 2023இல் தெற்கு வேல்ஸின் ஒரு பெரிய நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்ட பின் கரிக்கே அவை வெளிநாடுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு அந்தக் கைகள் தொலைவில் இல்லை. திருச்சிப் பொன்மலைப் பணிமனையில் இருக்கின்றன. முன்பு நாகப்பட்டினத்தில் இருந்து, 1920களின் இறுதியில் பொன்மலைக்குப் பெயர்ந்த பணிமனை அது. மலை ரயிலுக்கு முதலில் வந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. அவை தளர்ந்தபோது, 2011 தொடங்கிச் சில ஆண்டுகளில் எண்ணெயில் எரியும் நான்கு எஞ்சின்களையும், 2021இல் கரியில் ஓடும் ஒன்றையும் பொன்மலைக்காரர்கள் புதிதாகவே செய்து கொடுத்தார்கள். மந்தையில் குட்டி ஈன்றது என்றால் இதுதான். ஆனால் கொதிகலன் வேலை புத்தகம் படித்து வருவதில்லை; தெரிந்தவர் பக்கத்தில் நின்று பல ஆண்டுகள் கற்க வேண்டும். அடுத்த எஞ்சினுக்கான ஆணை இருபதாண்டு கழித்து வந்தால், செய்யத் தெரிந்தவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். மூலநிதியின் முதல் செலவு இளையவர்களை அங்கே சேர்ப்பதாக இருக்க வேண்டும் என்பேன்.

ஏழை நாட்டில் இதற்கெல்லாம் பணமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; வண்டியை நிறுத்துவதென்றால் வெளிப்படையாக விவாதித்து நிறுத்தலாம். கவனிக்காமல் சாகவிடுவதுதான் கூடாது.

சோழர் விளக்குகளில் பெரும்பாலானவை அணைந்துவிட்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கொடையைச் சொல்லும் கல் நிற்கிறது; அளக்க நெய் இல்லை. தஞ்சாவூர்–கும்பகோணம் வண்டி பற்றி நண்பர் மறுபடி கேட்டால், முதலில் ஆட்டைக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம்: எல்லோரும் சேர்ந்து ஒருநாள் மலை ரயிலில் போய்வரலாம். ஏறுவதற்கு முன் நடைமேடையில் கொஞ்சம் நின்று, பிரேக்காரர்களின் வயது என்ன இருக்கும் என்று பாருங்கள்.